வாழ்ந்து கெட்ட வீடும் அதைச் சுற்றிய ஊரும்

கேள்வி இது: அமெரிக்கத் தென் மாநிலக் கதைகளில் ஏன் திரும்பத் திரும்ப நொடித்துப்போன ஒரு பெரிய குடும்பம் வருகிறது? அதன் கதையை அந்த வீட்டு ஆட்கள் சொல்லாமல் ஊர்க்காரர்கள் ஏன் சொல்கிறார்கள்? கேட்டவர் மிசிசிப்பி எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் ‘எமிலிக்கு ஒரு ரோஜா’ சிறுகதையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அதில் ‘நாங்கள்’ ‘நாங்கள்’ என்று பேசும் குரல் யாருடையது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

குழம்ப வேண்டிய இடத்தில்தான் குழம்பியிருக்கிறார். நம்மிடம் ‘வாழ்ந்து கெட்ட குடும்பம்’ என்று ஒரு வழக்கு உண்டு. கெட்டுப்போனவர்கள் தங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்வார், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதில் மரியாதை இருக்கும், இரக்கம் இருக்கும், உள்ளூரக் கொஞ்சம் திருப்தியும் இருக்கும். ஃபாக்னரின் ‘நாங்கள்’ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் இந்தக் கதைகளை வீழ்ந்த வீட்டின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்பது என் கருத்து. அந்த வீட்டை விழவிடாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பதே ஊர்தான்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிசிசிப்பி மாநிலத்தின் மக்கள்தொகை 7,91,305. அவர்களில் 4,36,631 பேர் அடிமைகள். பெரிய குடும்பங்களின் சொத்தில் நிலத்தைவிட, மாளிகையைவிட, மனிதர்களின் விலைதான் அதிகம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்றது, அடிமைகள் விடுதலை அடைந்தார்கள். நிலம் அதே கைகளில்தான் பெரும்பாலும் இருந்தது. ஆனால் உழ ஆளில்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை. அப்புறம் வந்ததுதான் வாரச் சாகுபடி: கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பருத்தி போட்டார்கள். விதையும் மாவும் துணியும் கடைக்காரரிடம் கடனாக வாங்கினார்கள், விளைச்சலை அவரிடமே அடகு வைத்தார்கள். இப்படி ஊரின் பணம் கொஞ்சம் கொஞ்சமாக மாளிகையை விட்டுக் கடைத்தெருவுக்குப் போனது. கடைக்காரர், பருத்தி அரவை ஆலைக்காரர், வங்கிக்காரர் எல்லாம் மேலே வந்தார்கள். மாளிகைக்காரருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர் ஊருக்கும் தேவைப்பட்டது. தோற்றுப்போன ஊருக்குப் பெருமை கொள்ள வேறு எதுவும் இல்லை. போரில் தோற்றதையே புனிதமாகக் கொண்டாடும் வேலை ஒரு தலைமுறை முழுக்க நடந்தது. தெற்குப் படைவீரர்களின் பெண் வாரிசுகள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கியது 1894இல். நீதிமன்றங்களுக்கு முன்னால் சிப்பாய்ச் சிலைகள் வரிசையாக எழுந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். எமிலி கதையில் மேயர் கர்னல் சார்ட்டோரிஸ், நொடித்துப்போன பெரிய வீட்டில் தனித்து நிற்கும் எமிலிக்கு வரியைத் தள்ளுபடி செய்வதும் அதே 1894இல்தான். ஃபாக்னர் இதை நினைத்துத்தான் ஆண்டைப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊரின் மனநிலை புரிகிறது.

அந்தத் தள்ளுபடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தர்மமாகக் கொடுத்தால் எமிலி வாங்க மாட்டாள். அதனால் அவளுடைய அப்பா ஊருக்குக் கடன் கொடுத்திருந்தார், அதை இப்படித் திருப்பித் தருகிறோம் என்று சார்ட்டோரிஸ் ஒரு கதை கட்டுகிறார். எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும், எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். படிக்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில், போகிறபோக்கில், இந்தச் சார்ட்டோரிஸ்தான் கறுப்பினப் பெண்கள் யாரும் ஏப்ரன் என்ற சமையல் மேல்துணி கட்டாமல் தெருவில் வரக்கூடாது என்று உத்தரவு போட்ட மேயர் என்றும் கதைசொல்லி சொல்லிவிட்டுப் போகிறார். அதாவது, வேலைக்காரியாகத் தெரிந்தால்தான் தெருவில் நடக்கலாம். ஒரு பெண்ணின் கௌரவத்துக்காகப் பொய் சொன்ன கைதான் மற்ற பெண்களுக்கு அந்தச் சட்டத்தையும் எழுதியிருக்கிறது. ‘நாங்கள்’ இதில் ஒரு முரணையும் காணவில்லை. முதல் தடவை படித்தபோது நானும் கவனிக்காமல்தான் கடந்து போனேன்.

இனி கதையின் முடிவைச் சொல்லாமல் பேச முடியாது. எமிலி எழுபத்து நான்கு வயதில் இறக்கிறாள். புதைத்த பிறகு, மாடியில் பூட்டியிருந்த அறையை உடைக்கிறார்கள். அவளுடைய காதலன் ஹோமர் பாரன் கட்டிலில் எலும்பாகக் கிடக்கிறான். பக்கத்துத் தலையணையில் தலை வைத்த பள்ளம், அதில் ஒற்றை நரைமுடி. பெரும்பாலானவர்களுக்குக் கதை என்றால் இந்த முடிதான் நினைவில் நிற்கும். நான் கல்லூரியில் படித்தபோது எனக்கும் அப்படித்தான். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் படித்தபோது, முடிக்குச் சற்று முன்னால் வரும் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக யாரும் பார்க்காத அறை ஒன்று மாடியில் இருப்பது ‘எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்’ என்கிறது அந்தக் குரல். அவளை முறைப்படி மண்ணில் வைக்கும்வரை காத்திருந்து விட்டுத்தான் கதவை உடைத்தார்களாம்.

எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியோடு கதையின் தொடக்கத்துக்குத் திரும்பினால் ஊர் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மருந்துக் கடையில் எமிலி ஆர்சனிக் கேட்கிறாள். எதற்கென்று சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்கிறார் கடைக்காரர். அவள் பேசாமல் அவரையே பார்க்கிறாள். அவர் உள்ளே போய்விடுகிறார், பொட்டலத்தைப் பையன் கொண்டுவந்து தருகிறான். பெட்டி மேல் ‘எலிகளுக்கு’ என்று எழுதியிருக்கிறது. மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: தற்கொலை செய்துகொள்ளப் போகிறாள். அதுதான் நல்லது என்றும் ‘நாங்கள்’ சொன்னோமாம். பிறகு ஒரு நாள் அந்தி நேரத்தில் வேலைக்காரர் ஹோமரைச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே விடுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்க்கிறார். அதற்குப் பிறகு ஹோமரை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டிலிருந்து நாற்றம் கிளம்புகிறது.

ஊர் என்ன செய்கிறது என்பதில்தான் இந்த வகைக் கதைகளின் சாரமே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி அப்போது மேயராக இருந்த எண்பது வயது நீதிபதி ஸ்டீவன்ஸிடம் புகார் சொல்கிறார். பாம்போ எலியோ செத்திருக்கும், வேலைக்காரரிடம் சொல்கிறேன் என்கிறார் அவர். இன்னும் புகார்கள் வருகின்றன. மன்றத்தில் ஓர் இளைஞர் இது சுலபம், சுத்தம் செய்யச் சொல்லி ஆள் அனுப்புங்கள் என்கிறார். நீதிபதிக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஒரு சீமாட்டியின் முகத்துக்கு நேரே உன் மேல் நாற்றம் அடிக்கிறது என்று சொல்வீரா என்று கேட்கிறார். ஆக, மறுநாள் நள்ளிரவுக்குப் பிறகு நான்கு ஆண்கள் திருடர்களைப் போல எமிலியின் தோட்டத்துக்குள் போகிறார்கள். சுவரோரமாகக் குனிந்து மோந்து பார்க்கிறார்கள். நிலவறைக் கதவை உடைத்து உள்ளே சுண்ணாம்பு தூவுகிறார்கள். திரும்பி வரும்போது இருட்டாக இருந்த ஒரு ஜன்னலில் வெளிச்சம். அதில் எமிலி, சிலை மாதிரி அசையாமல். அவர்கள் பதுங்கிப் பதுங்கித் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நாற்றம் போய்விடுகிறது.

சுண்ணாம்பு தூவுகிற அந்தக் கைகளைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். ஒரு கொலையை ஊரே மூடியிருக்கிறது, யாரும் யாரிடமும் மூடலாம் என்று சொல்லவில்லை. அவளைக் கேள்வி கேட்டால் அவள் ‘மிஸ் எமிலி’ அல்ல, வெறும் ஒரு பெண் என்றாகிவிடும். அப்படி ஆனால் ஊருக்கும் அதன் பழைய பெருமைக்கும் என்ன மிச்சம் இருக்கும்?

அந்த ‘மிஸ் எமிலி’ என்ற விளிப்பையும் கவனியுங்கள். மிஸ் என்று சேர்த்துப் பெயரைச் சொல்வது தெற்கில் மரியாதையும் உறவும் கலந்த பேச்சு. கதை முழுக்க ‘மிஸ் எமிலி’தான். ஆனால் வடக்கத்தி மேஸ்திரியான ஹோமரோடு மஞ்சள் சக்கரக் குதிரை வண்டியில் ஞாயிற்றுக்கிழமை போகிறாள் பாருங்கள், அப்போது ஜன்னல் தட்டிக்குப் பின்னாலிருந்து ஊர் ‘பாவம், எமிலி’ என்கிறது. ‘மிஸ்’ உதிர்ந்துவிடுகிறது. மரியாதை விகுதிகளோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும். ‘அவர்’ ‘அவள்’ ஆகும்போது என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபாக்னருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், அவரே இப்படி ஒரு குடும்பத்தில் வந்தவர். கொள்ளுத் தாத்தா கர்னல் வில்லியம் கிளார்க் ஃபாக்னர் உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர், ரயில் பாதை போட்டவர், 1881இல் நாவல் எழுதி வெளியிட்டவர். 1889இல் ரிப்ளி ஊரில் பட்டப்பகலில் பழைய தொழில் கூட்டாளி அவரைச் சுட்டுக் கொன்றார். ரிப்ளி கல்லறையில் இன்றும் அவருடைய பளிங்குச் சிலை நிற்கிறது. 1902இல் ரயில் பாதை கைமாறியது, குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அங்கே வாடகைக் குதிரை லாயம் நடத்தினார், பிறகு இரும்புச் சாமான் கடை. கர்னலின் கொள்ளுப்பேரன் வில்லியம் பள்ளியை முடிக்கவில்லை, எந்த வேலையிலும் நிலைக்கவில்லை, போர்முனையைப் பார்க்காமலேயே விமானப்படை அதிகாரி உடையில் தெருவில் நடந்தார். ஊர் அவருக்கு ‘ஒன்றுக்கும் ஆகாத பிரபு’ என்று பட்டப்பெயர் வைத்தது. எமிலி கதை 1930 ஏப்ரலில் ஒரு பத்திரிகையில் வந்தது. தேசிய அளவிலான இதழில் அவருடைய முதல் சிறுகதை அதுதான். அதே ஆண்டு அவர் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத, 1840களில் கட்டிய ஒரு பாழடைந்த மாளிகையை விலைக்கு வாங்கினார், ரோவன் ஓக் என்று பெயர் வைத்தார். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்து பார்த்தவர் அவர்.

சரி, எமிலிக்கு அடுத்து யாரைப் படிக்கலாம் என்றால் நான் காம்ப்ஸன் குடும்பத்தைச் சொல்வேன். 1929இல் வந்த ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’ நாவல். முதல் ஐம்பது பக்கம் கஷ்டப்படுத்தும், பொறுத்துப் படியுங்கள். அங்கே வேலியைப் பாருங்கள். மூத்த மகன் குவென்டினை ஹார்வர்டுக்கு அனுப்பவும் மகள் கேடியின் கல்யாணத்துக்கும் வீட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தை விற்கிறார்கள். வாங்கியவர்கள் அதில் கோல்ஃப் மைதானம் போடுகிறார்கள். முப்பத்து மூன்று வயதாகியும் குழந்தை மனம் மாறாத பெஞ்சி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். மட்டை தூக்கும் பையனை ஆட்டக்காரர்கள் ‘கேடி!’ என்று கூப்பிடுகிறார்கள். அவனுக்கு அது வீட்டை விட்டுப் போன அக்காவின் பெயர். ஒவ்வொரு முறையும் அழுகிறான். ஆட்டக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஏன் அழுகிறான் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு குடும்பம் நிலத்தை இழந்தது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

அந்த வீட்டின் கடைசி வாரிசு ஜேசன் கடைத்தெருவில் ஒரு கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். அக்கா கேடி தன் மகளுக்கு அனுப்பும் பணத்தை ஆண்டுக்கணக்கில் திருடிச் சேர்க்கிறான். ஒருநாள் அந்த மகளே அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். ஜேசனால் முழுத் தொகையையும் புகாரில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது திருட்டுப் பணம். ஷெரிஃப் அசையவே மாட்டேன் என்கிறார். அந்தப் பணம் யாருடையது என்று தனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். எமிலி காலத்தில் ஊர் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு சுண்ணாம்பு தூவியது. ஒரு தலைமுறை கழித்து ஊர் தெரிந்தே உதவ மறுக்கிறது. பெரிய வீட்டின் மேல் இருந்த பயபக்தி கரைந்துபோனதை இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவே அளக்கலாம். ஃபாக்னர் பின்னால் எழுதிய இணைப்பில் காம்ப்ஸன் வீடு கடைசியில் குதிரை, கோவேறு கழுதை வியாபாரிகள் தங்கும் விடுதியாகிவிடுகிறது.

அடுத்து, கீழேயிருந்து மேலே வருகிறவர்கள். ஸ்னோப்ஸ் குடும்பம். 1939இல் வந்த ‘பார்ன் பர்னிங்’ கதையில் வாரக் குடியானவன் ஆப் ஸ்னோப்ஸ் வேண்டுமென்றே குதிரைச் சாணத்தை மிதித்துவிட்டு, அந்தக் காலோடு மேஜர் டி ஸ்பெயினின் மாளிகைக்குள் நுழைந்து வெளிர்நிறக் கம்பளத்தில் தேய்க்கிறான். கம்பளத்தின் விலை நூறு டாலர். உன் ஆயுசில் நூறு டாலரை நீ கண்ணால் பார்த்ததில்லை என்கிறார் மேஜர், இருபது புஷல் சோளம் அபராதம் என்கிறார். வெளியே வந்த ஆப் மகனிடம் அந்த வெள்ளை மாளிகையைக் காட்டிச் சொல்வதன் பொருள் இது: அது வியர்வை, கறுப்பர்களின் வியர்வை, போதாதென்று இப்போது நம்முடையதையும் கலக்கப் பார்க்கிறார். இந்த ஆளை நல்லவன் என்று சொல்ல மாட்டேன், அவன் தீ வைப்பவன். ஆனால் அந்த மாளிகை எதனால் கட்டப்பட்டது என்பதை உரக்கச் சொல்லும் வெள்ளைக்காரன் அவன்தான். எமிலியின் ஊர் அதை ஒருபோதும் சொல்லாது.

ஆப் ஸ்னோப்ஸின் இன்னொரு மகன் ஃபிளெம் கடைப் பையனாகத் தொடங்கி வங்கித் தலைவராகிறான், கடைசியில் அதே டி ஸ்பெயின் பெயர் கொண்ட மாளிகைக்கே குடிபோகிறான். அங்கே, கைவேலைப்பாடு செய்த கணப்பு மேடையில் வர்ணம்கூட அடிக்காத ஒரு மரச் சட்டத்தை ஆணியடித்து, அதில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறான். மாளிகை கிடைத்துவிட்டது, ஆனால் அதில் எப்படி வாழ்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இதை 1940, 1957, 1959 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நாவல்களில் விரிக்கிறார். முதல் நாவல் ‘தி ஹாம்லெட்’ போதும் என்பேன். இரண்டாவதில் எனக்கு அலுப்புத் தட்டியது.

ஃபாக்னரோடு இது நின்றுவிடவில்லை. இன்னொரு தென் மாநில எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானரின் ‘எவ்ரிதிங் தட் ரைசஸ் மஸ்ட் கன்வெர்ஜ்’ சிறுகதை 1961இல் வந்தது. அதில் மாளிகையும் போய், தாத்தா காலத்து இருநூறு அடிமைகளும் போய், ஓர் அம்மா டவுன் பஸ்ஸில் போகிறார். எதிர் சீட்டில் உட்காரும் கறுப்பினப் பெண்ணின் தலையிலும் அச்சாக அதே தொப்பி. அங்கே வேடிக்கை பார்க்கும் அண்டைவீட்டார் வேலை பஸ் பயணிகளுக்கு.

இனி கேட்டவரின் கேள்விக்கே திரும்புகிறேன். ‘நாங்கள்’ யார்? எமிலி வாழ்ந்த கற்பனை ஊரான ஜெஃபர்சனின் வெள்ளைக்காரர்கள், ஒரு தலைமுறைக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த ஒரு குரல். ஃபாக்னரே 1936இல் ஒரு நாவலோடு அச்சிட்ட வரைபடத்தில் தன் கற்பனை மாவட்டத்தின் மக்கள்தொகையைக் கொடுத்திருக்கிறார்: வெள்ளையர் 6,298, கறுப்பினத்தவர் 9,313. ஆக ‘எங்கள் ஊரே’ என்று கதை தொடங்கும்போது பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ‘எங்கள்’ என்பதில் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்கள் அவர்கள்தான். காம்ப்ஸன் வீட்டில் அடுப்பு மூட்டுவதும் பெஞ்சியைக் கையைப் பிடித்து ஈஸ்டர் ஞாயிறன்று கறுப்பினத்தவர் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவதும் சமையல்காரி டில்சி. எமிலி வீட்டில் வேலைக்காரர் டோப்.

மறுபடி படிக்கும்போது டோப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கூடையோடு சந்தைக்குப் போய் வருகிறார். வரி கேட்டு வந்தவர்களுக்குக் கதவு திறக்கிறார், ஹோமருக்கும் திறக்கிறார். வருஷம் ஆக ஆகத் தலை நரைக்கிறது, முதுகு கூன் விழுகிறது. ஊர் அவரிடம் விஷயம் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அவர் எமிலியிடம்கூடப் பேசியிருக்க மாட்டார் போல, குரல் துருப்பிடித்தது மாதிரி கரகரத்துவிட்டது என்கிறது கதை. எமிலி இறந்ததும் துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு முன்வாசல் கதவைத் திறந்து விடுகிறார். அவர்கள் கிசுகிசுத்தபடி உள்ளே நுழைகிறார்கள், கண்கள் நாலாபக்கமும் அலைகின்றன. டோப் வீட்டின் குறுக்கே நடந்து பின்வாசல் வழியாக வெளியேறுகிறார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.